சேணத்தில் ஆள் இல்லை

அத்பாஷி ஊர் கிளப்பில் கலிபாவுக்கு மூன்று வேலை. பெருக்குவது, அடுப்புக்கு நிலக்கரி போடுவது, கம்ப்யூட்டரைக் காவல் காப்பது. மூன்றிலும் பெருக்குவதுதான் அவளுக்குப் பிடிக்கும். குப்பை திருப்பிப் பேசாது.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாரின் நகரத்துக்குக் கல்யாணமாகிப் போனவள், இரண்டே வருஷத்தில் ஒரு தையல் மெஷினோடு திரும்பி வந்தாள். புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம், "ரெண்டுல ஒண்ணைத்தான் பஸ்ல ஏத்துவேன்னாங்க. எது வேலை செய்யுதோ அதை எடுத்துக்கிட்டு வந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நாரினில் இருந்தபோது சும்மா இருக்காமல் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்த் தொலைத்திருந்தாள். அந்த ஒரு குற்றத்துக்காக ஊரே அவளைக் கம்ப்யூட்டர் அக்கா ஆக்கிவிட்டது. செல்போன் பால் வாளியில் விழுந்தால் ஆள் வரும். டிவியில் கோடு விழுந்தால் ஆள் வரும். ஒருமுறை ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டபோதும் ஆள் வந்தது. அவளும் போனாள். கன்று பிழைத்தது. கம்ப்யூட்டர் படிப்பின் மகிமை என்று ஊர் சொன்னது.

இப்படி இருக்கையில், தலைநகரில் குதிரை மரபுக் கழகம் என்று ஒன்று கிளம்பி, கிளப்புக்கு ஒரு கம்ப்யூட்டரைத் தானம் செய்தது. சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்குக் கீபோர்டு கிடையாது. அதற்குப் பதிலாகச் சேணம். நிஜச் சேணம், ஸ்பிரிங் வைத்த மரப்பீப்பாய்மேல் கட்டியது. இரண்டு அங்கவடி, ஒரு கடிவாளம், பக்கத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு மணல் மூட்டை. எதிரே கதவு உயரத்துக்குத் திரை. ஏறி உட்கார்ந்தால் திரையில் மைதானம் விரியும், கோக்-போரு ஆட்டம் தொடங்கும். நிஜ ஆட்டத்தில் குதிரைக்காரர்கள் பிடுங்கிக்கொள்ளும் செத்த கிடாய்க்குப் பதில் இங்கே மூட்டை. குனிந்து அள்ளி, தொடைக்கு அடியில் இடுக்கி, எதிரணியைக் கிழித்துக்கொண்டு ஓடி, கொப்பரைக்குள் எறிய வேண்டும். சேணத்துக்குள்ளே என்னென்னவோ வைத்திருந்தார்கள். உடம்பைச் சாய்த்தால் குதிரை சாயும், தொடையால் அழுத்தினால் பாயும்.

அந்த ஊரில் கோக்-போரு ஆடத் தெரியாத ஆண்பிள்ளை என்றால் ஒன்று அவன் வெளியூர் டாக்டராக இருக்க வேண்டும், இல்லை பிணமாக இருக்க வேண்டும். எனவே மைதானம் பனியில் புதைந்து கிடந்த அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிளப்பில் கூட்டம்.

கூட்டம் போனதும் ஸ்க்ரீன் சேவர் வரும். ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் மைதானம் மறைந்து, கழகத்தின் தலைவர் திரை முழுக்க எழுந்தருளுவார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் குதிரை, மூன்று தாடை. குதிரைமேல் அவர் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்தாலே தெரியும், முக்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்துப் பிறகு கீழே குதிரையை ஒட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேல் தங்க எழுத்தில் ஒரு வாசகம்: "சேணம் காத்திருக்கிறது. வா தோழா, ஏறு." ஊர் அவருக்குக் குண்டுத் தலைவர் என்று பெயர் வைத்தது. கிளப் இயக்குநருக்கோ அவர் குலதெய்வம். எந்த நேரத்தில் கழகத்து ஆள் எட்டிப் பார்த்தாலும் தலைவர் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தினமும் திரையைத் துடைக்கச் சொன்னார். ஒருநாள் துடைக்கப் போனால் தலைவரின் மூக்கில் மாவு உருண்டை ஒட்டியிருந்தது. யார் செய்தது என்று கலிபா விசாரிக்கவில்லை. அன்றைக்குப் போர்சோக் பணியாரம் சுட்டது அவள்தான்.

அவளுக்கு ஒரு அண்ணன் உண்டு. பெயர் ஜோல்தோஷ். போன வருஷம்வரை அத்பாஷி அணியில் கிடாயை அவன் தொடைக்கடியில் இடுக்கிவிட்டான் என்றால், எதிரணிக்காரர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கலாம். நவம்பரில் அக்சாய் மேய்ச்சலில் பனிப்புயல் அடித்தது. சிதறிப்போன ஆட்டு மந்தையைத் தேடி இரண்டு நாள் அலைந்தான். ஆடுகள் எல்லாம் பிழைத்தன, விரல்கள் பிழைக்கவில்லை. இரண்டு கட்டை விரலும், இடது சுண்டு விரலில் பாதியும் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தன.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஜோல்தோஷ் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். கொட்டடியில் அவன் குதிரை தோரு நின்றது. செம்பழுப்பு நிறம், இரும்பு மாதிரி மார்பு, தன்னைத் தவிர இந்த உலகத்தில் எல்லாரும் மட்டம் என்ற முகம். கலிபாதான் அதற்குப் புல் போட்டாள், தண்ணீர் காட்டினாள். முதலில் ஒருநாள், சேணம் கட்டித் தரட்டுமா என்று அண்ணனைக் கேட்டாள். பதிலுக்கு ஒரு வாளி பறந்து வந்தது. விரல் இல்லாமல் வாளி எறிவதில் அவன் அதற்குள் தேறியிருந்தான்.

பிப்ரவரியில் எப்படியோ கிளப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காலை வேளை, கூட்டம் இல்லை. அவன் முதலில் அந்தப் பீப்பாயைப் பார்த்த பார்வையில் பீப்பாய்க்கே வெட்கம் வந்திருக்கும். பிறகு மணிக்கட்டைச் சேணத்தின் முன்கொம்பில் கொக்கி மாதிரி மாட்டி ஏறி உட்கார்ந்தான். கடிவாளத்தைக் கட்டை விரலால் தூக்கிப் பீப்பாயின் கழுத்தில் போட்டான். தொடையால் ஒரு அழுத்து.

கலிபாவுக்குக் குதிரை ஏறத் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும். இத்தனை வாரமாக இந்தத் திரையில் ஓடியது வெறும் பொம்மை. இப்போதுதான் குதிரை ஓடியது. அண்ணன் இடுப்பை லேசாக அசைத்தால் அது வளைந்தது, மூச்சை இழுத்தால் நின்றது. முழங்கையை வளைத்து மூட்டையை அள்ளி இடுக்கினான். ஒருவன், இரண்டுபேர், மூன்றுபேர் பின்னால் போனார்கள். அதோ கொப்பரை. கை ஓங்கினான்.

குண்டுத் தலைவர் வந்தார். "சேணம் காத்திருக்கிறது. வா தோழா, ஏறு."

ஜோல்தோஷ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கினான். மறுநாள் அவனாகவே வந்தான், அதுவே அதிசயம். அன்றைக்கும் அப்படியே. கொப்பரை கண்ணில் பட்ட நேரம், தலைவர். அதற்கு அடுத்த நாளும். வேறு எவனுக்கும் இப்படி ஆகவில்லை. கச்கின் என்று ஒரு வாய்ச்சவடால், அணியில் புதிதாகச் சேர்ந்தவன், மணிக்கணக்கில் சேணத்தில் துள்ளுவான். அவனுக்கு ஒருமுறைகூடத் தலைவர் தரிசனம் தந்ததில்லை.

அந்த வாரம் இரவுச் சாப்பாட்டில் ஜோல்தோஷ் சாதாரணமாகச் சொன்னான், வசந்தப் பண்டிகை நோரூஸ் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தோருவை விற்றுவிடப் போவதாக.

கலிபா கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்குறவன் ஏறுவானா, அறுப்பானா?"

"அது அவன் பாடு."

"கொழுத்த குதிரை அண்ணே. குடல்ல அடைச்சுக் கசியாக்கிச் சாப்பிட்டுடுவானுங்க."

"சாப்பிடட்டும். கை இல்லாதவனுக்குக் குதிரை எதுக்கு?" அவன் சூப்புக் கிண்ணத்தை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் தூக்கிக் குடித்தான். "நான் சொல்லலைடி. அந்த மெஷினே சொல்லுது, சேணத்துல ஆள் இல்லைன்னு. நான் மேல உட்கார்ந்திருக்கேன், அது என்னைப் பார்த்து வா ஏறுங்குது. அதுக்கென்ன எம்மேல பகையா?"

அன்றிரவு கலிபா தூங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து போய், சேணத்தின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டாள்.

கடிவாளத்தின் இரண்டு வாரும் உள்ளே ஒரு தகரப் பெட்டிக்குள் போய், ஒரு சாதாரண மவுஸில் முடிந்தன. நாரின் வகுப்பில் தொட்ட அதே மவுஸ். சேணம், அங்கவடி, மூட்டை இவற்றின் கம்பிகளெல்லாம் வேறொரு பெட்டிக்குப் போயின. தலைநகரில் இதையெல்லாம் கவனிக்கிற தலாய் என்பவருக்குப் போன் போட்டாள். பாவம், நல்ல மனுஷர், நாலு ஊர் மெஷினும் அவர் தலையில். சந்தேகம் சரிதான் என்றார். மவுஸ், கீபோர்டு, இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் கம்ப்யூட்டர் ஆள் இருப்பதாகக் கணக்கெடுக்கும். சேணத்திலிருந்து வருவது விளையாட்டுக்குப் போகுமே தவிர, கம்ப்யூட்டர் காதில் விழாது. அதாவது அது கையை மட்டும்தான் மனுஷன் என்று நம்பும். உட்காரும் இடத்துக்கு அதனிடம் மரியாதை கிடையாது. ஸ்க்ரீன் சேவரை நிறுத்த முடியாதா என்று கேட்டாள். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு கழகத்திடம் இருக்கிறது, தலைவர் முகத்தை எடுக்கிற விஷயம் என்பதால் தலைவரே கையெழுத்துப் போட வேண்டும், ஏப்ரலில் வரும்போது பேசிப் பார்க்கிறேன் என்றார். அதுவரை யாராவது ஒருத்தர் கடிவாளத்தை அப்பப்போ ஆட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஏப்ரலில் தோரு யார் வயிற்றில் இருக்கும் என்று அவரிடம் கேட்டு என்ன பயன்.

எனவே கலிபாவே பக்கத்தில் நின்று கடிவாளத்தை ஆட்டினாள். திரையில் குதிரை சட்டென்று இடப்பக்கம் திரும்பி வேலியில் முட்டியது. ஜோல்தோஷ் திரும்பிப் பார்த்தான். "இப்ப யார் ஓட்டுறது, நானா நீயா?" என்று கேட்டான். மெதுவாக ஆட்டினாள். மெதுவாக முட்டியது.

அடுத்த நாள் ஒரு கோழியோடு வந்தாள். மனுஷக் கைக்குத்தான் ஆசை, பொறாமை, அவசரம் எல்லாம் உண்டு, கோழிக்கு ஒன்றும் கிடையாது, சீராகக் கொத்தும் என்பது அவள் கணக்கு. கோழிக்காலில் நூல், நூலின் மறுமுனை கடிவாளத்தில், முன்னால் ஒரு பிடி தினை. ஆட்டம் தொடங்கியது. கோழி கொத்தக் கொத்தக் குதிரை, கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் மாமா மாதிரி நடந்தது. இரண்டு அடி இந்தப் பக்கம், இரண்டு அடி அந்தப் பக்கம். நடுவில் கோழிக்கு எங்கேயோ அரிப்பு எடுத்துக் காலைத் தூக்கிச் சொறிந்தது. குதிரை ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டிப் பார்வையாளர் வரிசைக்குள் இறங்கியது. ஜோல்தோஷின் உதடு ஒரு நொடி கோணியது. சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் இறங்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

அன்று மதியம் அணியின் பயிற்சியாளர் எசென்குல் அடுப்போரம் உட்கார்ந்து பிரிந்த சாட்டையைப் பின்னிக்கொண்டிருந்தார். சேணத்தில் கச்கின். பீப்பாயே கழன்று ஓடிவிடும்போல ஆட்டம். கடிவாளத்தை இழுக்கிறான், விடுகிறான், மறுபடி இழுக்கிறான். எசென்குல் சாட்டையைப் பார்த்துத் திட்டுகிற மாதிரி முணுமுணுத்தார்: "கை தூங்கணும்டா. எத்தனை வருஷமா சொல்றேன். குதிரைக்காரனுக்குக் கை தூங்கணும், தொடை முழிச்சிருக்கணும். உனக்கு வாயும் தூங்காது, கையும் தூங்காது."

ஊரில் எல்லாரும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. கலிபாவும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். நிலக்கரி வாளியோடு அப்படியே நின்றாள். தலைவர் வராத திரையைப் பார்த்தாள், கச்கின் கையைப் பார்த்தாள்.

வாளியை வைத்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

நோரூஸ் வருவதற்குள் மைதானம் உருகி முழங்கால் சேறாகிவிடும். நிஜ ஆட்டத்துக்கு வழியில்லை. கிளப்பிலேயே சேணப் போட்டி வைத்துப் படமெடுத்துக் கழகத்துக்கு அனுப்பலாம் என்று இயக்குநர் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்தார். கலிபா அவரிடம் மிகவும் பணிவாக ஒரு யோசனை சொன்னாள். யார் எத்தனை தடவை கொப்பரையில் போடுகிறான் என்று எண்ணுவதெல்லாம் பழைய முறை. நல்ல சவாரிக்காரன் ஏறினால் தலைவரே மெச்சித் திரையில் தோன்றுகிறார். ஆட்டம் முடிவதற்குள் தலைவரை வரவழைக்கிறவனுக்குத்தான் பரிசு. படத்திலும் தலைவர் இருப்பார். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை என்றார். அவளும் நினைத்ததில்லை.

ஜோல்தோஷை வரவழைப்பதுதான் பாக்கி. நோரூஸ் காலையில் அவன் எழுந்தபோது வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. வறட்டிக் கொட்டகை பூட்டியிருந்தது. சாவியும் இல்லை, தங்கையும் இல்லை. மதியம்வரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். கடைசியில் அவளை உயிரோடு உரிப்பது என்ற ஒரே நோக்கத்தோடு கிளப்புக்கு வந்தான். அங்கே கதகதப்பு, போர்சோக் வாசம், ஊரே உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் உரிக்க முடியாமல் சுவரோரம் நின்றான்.

சேணத்தில் கச்கின். விதி அவனுக்குத் தெரியும். கடிவாளத்தைத் தொடாமல் இருந்தால் தலைவர் வருவார், அவ்வளவுதானே, இதென்ன பெரிய வித்தை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். கடிவாளத்தைக் கழுத்தில் போட்டான். குதிரை கிளம்பியதும் ஒரு எதிரி குறுக்கே வந்தான், கச்கினின் கை தானாகப் போய்க் கடிவாளத்தைப் பிடித்தது. கூட்டம் "ஓ" என்றது. மறுபடி போட்டான், மறுபடி பிடித்தான். பிறகு புத்திசாலித்தனமாக இரண்டு கையையும் தன் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். குதிரை வளைந்தது, கச்கின் வளையவில்லை. பீப்பாயின் அந்தப் பக்கம் கால் மட்டும் தெரிந்தது.

அவனுக்குப் பின் ஐந்தாறு பேர் ஏறினார்கள். எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். யாருடைய கையும் தூங்கவில்லை. சும்மா உட்கார்ந்து தலைவரை வரவழைக்கலாம் என்று ஒருவன் பார்த்தான், எதிரிகள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆட்டத்தையே முடித்துவிட்டார்கள்.

எசென்குல் எழுந்து நின்றார். யாரையும் பார்க்காமல், "இன்னும் ஒருத்தன் பாக்கி" என்றார்.

கூட்டம் மெல்லத் திரும்பியது. சுவரோரம் நின்றவன் தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வையில், வறட்டிச் சாவியிலிருந்து எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. கலிபா போர்சோக் தட்டைத் தீவிரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"விரல் இல்லாதவனை வேடிக்கை பார்க்கவா கூப்பிட்டே?" என்றான், பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில்.

"விரல் இருக்கிறவனுங்களைத்தான் இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தோம்" என்றாள் அவள், தட்டிலிருந்து தலை தூக்காமல். "ஏறுறதுன்னா ஏறு. இல்லைன்னா சாவி பாவாடைப் பையில இருக்கு, எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

எடுக்க விரல் வேண்டுமே. அவன் போய் ஏறினான்.

முதல் நிமிஷமே கிளப் அடங்கிப்போனது. பேச்சு நின்றது, மெல்லுவது நின்றது. நவம்பருக்கு முன்னால் மைதானத்தில் பார்த்த அதே முதுகு, லேசாகக் கூன்போட்டு, அவசரமே இல்லாமல். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன, வீட்டில் விட்டுவர மறந்து கொண்டுவந்த சாமான் மாதிரி. மூட்டை தொடைக்கடியில் போனது. எதிரிகள் சூழ்ந்தார்கள், பிரிந்தார்கள். தூரத்தில் கொப்பரை.

தலைவர் வந்தார்.

கூட்டம் கூரையைப் பிய்த்தது. இயக்குநர் படமெடுத்தார். கலிபா கண்ணை மூடிக்கொண்டாள். இனி அவன் இறங்குவான், ஆனால் இந்தத் தடவை ஜெயித்தவனாக இறங்குவான், அது போதும் என்று நினைத்தாள்.

கத்தல் ஓய்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. குளம்பொலி. தலைவரின் மூன்று தாடைக்குப் பின்னாலிருந்து, நான்குகால் பாய்ச்சலில்.

ஜோல்தோஷ் இறங்கவில்லை. திரையில் தலைவர் இளித்துக்கொண்டிருக்க, அவன் தலையைச் சற்றுச் சாய்த்து, காதைக் கொடுத்து, ஓட்டிக்கொண்டே இருந்தான். புயலில் இரண்டு நாள் எதையும் பார்க்காமல் மந்தையைத் தேடியவனுக்கு ஒரு தலைவர் என்ன மறைப்பு. இடப்பக்கம் யாரோ மோதும் சத்தம். இடுப்பு வளைந்தது. மோதல் பின்னால் போனது. காற்று. பின்னால் துரத்தும் குளம்புகள் நெருங்கின. கச்கின்கூடத் திறந்த வாயை மூட மறந்துவிட்டான். எசென்குலின் தொடை, உட்கார்ந்த இடத்திலேயே, தானாக இறுகி இறுகி விட்டது.

ஜோல்தோஷ் முழங்கையால் மூட்டையைத் தூக்கி எறிந்தான்.

தொம்.

தலைவர் இளித்தார். கச்கினுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. யார் பார்த்தது, வேலியில்கூட விழுந்திருக்கலாம், தொம் என்றால் கொப்பரைதானா என்று ஆரம்பித்தான். கலிபா எழுந்து போய்க் கடிவாளத்தை ஒரு விரலால் சுண்டினாள். தலைவர் மறைந்தார். கொப்பரை நடுவில் மூட்டை, ஒரு நாய் படுத்திருப்பதைப் போலச் சுருண்டு கிடந்தது.

பரிசு ஒரு சிவப்புக் கெட்டில். அதை எசென்குல் ஜோல்தோஷின் கையில் கொடுக்கவில்லை, கைப்பிடிக்குள் மணிக்கட்டு போகிறமாதிரி மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு, "மெஷின் பொய் சொல்லாது" என்றார். கலிபாவுக்கு இருமல் வந்தது.

வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். சேற்றில் கெட்டில் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. வாசலுக்கு வந்ததும் ஜோல்தோஷ் வீட்டுக்குள் போகவில்லை, கொட்டடிப் பக்கம் போனான். கலிபா வறட்டி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

தோரு திரும்பி, இவ்வளவு நாள் எங்கே தொலைந்தாய் என்ற முகத்தோடு பார்த்தது. ஜோல்தோஷ் மூலையில் கிடந்த சேணத்தை இரண்டு முழங்கைக்கும் நடுவில் அள்ளித் தூக்கினான், குதிரை முதுகில் வீசினான். சரியாக உட்கார்ந்தது. கடிவாளத்தையும் எப்படியோ பல்லும் கட்டை விரலுமாகச் சேர்த்து மாட்டிவிட்டான். வாயிலிருந்து தோலைத் துப்பினான். பிறகு நின்றான்.

வயிற்று வார் தொங்கியது. வாரை இழுத்து, கொக்கி முள்ளைத் துளையில் மாட்டி இறுக்க வேண்டும். அதைப் பல்லால் செய்ய முடியாது, தொடையால் செய்ய முடியாது, எந்தப் பெரிய சவாரிக்காரனுக்கும் அதற்கு விரல்தான் வேண்டும். ஐந்து மாசமாக ஊரே கடிவாளத்தைப் பற்றித்தான் துக்கம் விசாரித்தது. அவனைத் தரையில் கட்டி வைத்திருந்தது இந்தச் சாண் அளவு தோல்.

கலிபா உதவிக்கு வரவில்லை. வாளி ஞாபகம் இருந்தது. வறட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். உலகத்திலேயே அவ்வளவு அழகாக அடுக்கப்பட்ட வறட்டி வேறு இருந்திருக்காது.

"வாரை இறுக்கு" என்றான் ஜோல்தோஷ், குதிரையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே.

"என்னது?"

"காது செவிடா? வாரை இறுக்குன்னேன்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து வாரைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் நீர் வந்திருந்தால் அது வறட்டித் தூசி. பல்லைக் கடித்து, குதிரையின் விலாவில் முழங்காலை வைத்து, கடைசித் துளைவரை இழுத்து மாட்டினாள். மாட்டிவிட்டு, பார்த்தாயா என்ற தோரணையில் நிமிர்ந்தாள்.

தோருவுக்கு ஒரு வித்தை தெரியும். வார் கட்டும்போது மூச்சை இழுத்து வயிற்றைப் பீப்பாய் மாதிரி உப்பிக்கொள்ளும். கட்டினவன் திரும்பியதும் விட்டுவிடும். ஜோல்தோஷ் மணிக்கட்டை மாட்டி, அங்கவடியில் கால் வைத்து, ஒரே தாவலில் ஏறினான். முற்றத்துக்கு வந்தான். தோரு நிதானமாக, திருப்தியாக, மூச்சை விட்டது.

சேணம் சுழன்றது. அத்பாஷியின் ஒப்பற்ற சவாரிக்காரன் அப்படியே பக்கவாட்டில் இறங்கி, உருகிய பனியும் சாணமும் கலந்த குட்டையில் முதுகு பதிய விழுந்தான். குதிரை வயிற்றின் கீழே சேணம் தொட்டில் மாதிரி ஆடியது.

கலிபா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அவன் எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்துக் கிடந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவள் பக்கத்தில் உட்காரப் போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், சத்தம் வராத சிரிப்பு, பிறகு சத்தம் வந்தது, பிறகு அடங்கவே இல்லை. மீசையிலிருந்து சாணம் வழிந்தது.

"அம்பது மெஷினை ஏமாத்துவே. ஒரு குதிரை உன்னை ஏமாத்திடுச்சு பாரு."

"எருமை மாதிரி கிடக்காதே, எழுந்திரு. அடி பட்டுச்சா?"

"மறுபடி கட்டு." அவன் முழங்கையை ஊன்றி எழுந்தான். "இந்தத் தடவை அவசரப்படாதே. அது மூச்சு விடுறவரைக்கும் நில்லு."

கலிபா சேணத்தை மேலே ஏற்றினாள், வாரைப் பிடித்தாள். தோரு வயிற்றை உப்பிக்கொண்டது. அவளும் மார்பு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள். யார் முதலில் விடுவது என்று குதிரையும் அவளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.